அச்சிட்ட பில்லும் டேபிளில் உள்ள பில்லும்: ஆக்ஸஸ் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் பில், ரசீது, டெலிவரி சலான், முகவரி லேபிள் என்று எதையாவது அச்சிடும் அலுவலகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தகவலை டேபிள்களில் சேமித்து வைக்கும், 1992இல் வந்த டேட்டாபேஸ் மென்பொருள். அதன் பிரிண்ட் பட்டனைச் சுற்றி எழும் தொல்லைகள் மட்டும் இன்றுவரை மாறவில்லை. திரையில் (ஃபார்மில்) இருப்பது, டேபிளில் இருப்பது, தாளில் (ரிப்போர்ட்டில்) இருப்பது என்ற மூன்றும் ஒரே நேரத்துக்கு உரியவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. கீழே உள்ள பதில்கள் 2007க்குப் பிந்திய பதிப்புகளை மனதில் வைத்து எழுதியவை. பழைய பதிப்புகளின் எம்டிபி கோப்புகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தள்ளுபடியை 5 சதவீதத்தில் இருந்து 8 ஆக்கிவிட்டு பிரிண்ட் பட்டனை அழுத்தினேன். சரக்கு வரிகள் சரியாக வந்தன. தள்ளுபடி மட்டும் 5 என்றே வந்தது. ஏன்?

8 இன்னும் டேபிளுக்குப் போய்ச் சேரவில்லை. ஃபார்மில் நீங்கள் அடிப்பது முதலில் அந்த ஃபார்மிடமே தங்கியிருக்கும். ஃபார்மின் இடது ஓரப் பட்டையில் சின்னதாக ஒரு பென்சில் படம் தெரிகிறதே, மாற்றம் நடந்திருக்கிறது, சேவ் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அடுத்த ரெக்கார்டுக்கு (டேபிளின் ஒரு வரி, இங்கே ஒரு பில்) போனால், ஃபார்மை மூடினால், ஷிஃப்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், அல்லது கர்சர் துணை ஃபார்முக்குள் (ஃபார்மில் பதித்த இன்னொரு ஃபார்ம்) நுழைந்தால் சேவ் ஆகும். அதே ஃபார்மில் இருக்கும் ஒரு பட்டனை அழுத்துவதால் மட்டும் ஆகாது.

ரிப்போர்ட் உங்கள் ஃபார்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டேபிளைப் படித்துத் தாளில் போடுகிறது. டேபிளில் 5 இருந்தது, 5 வந்தது. சரக்கு வரிகள் தப்பித்தது, அவை துணை ஃபார்மில் இருப்பதால். அங்கிருந்து வெளியே வந்து மேலே உள்ள தள்ளுபடிக் கட்டத்தைத் தொட்டபோதே கடைசிச் சரக்கு வரியும் சேவ் ஆகிவிட்டது. பாதி சரி, பாதி தப்பு என்று வருவதுதான் ஆட்களைக் குழப்புகிறது. பிரிண்டரையும் ரிப்போர்ட் டிசைனையும் நோண்டிக்கொண்டிருப்பார்கள். கோளாறு இரண்டிலும் இருக்காது.

சரி, பிரிண்டுக்கு முன் சேவ் ஆக என்ன எழுத வேண்டும்?

பட்டனின் கோடில் (அழுத்தும்போது ஓடும் நிரலில்), ரிப்போர்ட்டைத் திறக்கும் வரிக்கு மேலே ஒரே ஒரு வரி போதும்: ‘இஃப் மீ.டர்ட்டி தென் மீ.டர்ட்டி = ஃபால்ஸ்’. ‘மீ’ என்றால் இந்த ஃபார்ம்; சேவ் ஆகாத மாற்றம் இருக்கிறதா என்று சொல்வது ‘டர்ட்டி’. அதை ஃபால்ஸ் ஆக்கினால் ஆக்ஸஸ் அந்த ரெக்கார்டை அங்கேயே சேவ் செய்துவிடும்.

இந்த இடத்தில் ‘டூகமாண்ட்.சேவ்’ என்று எழுதியிருப்பதைப் பல கோப்புகளில் பார்க்கலாம். அது சேவ் செய்வது ஃபார்மின் டிசைனை, ரெக்கார்டை அல்ல. எரரும் வராது என்பதால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ‘ரன்கமாண்ட்’ வழியாக ரெக்கார்டை சேவ் செய்யும் கட்டளை ஒன்றும் இருக்கிறது; வேலையும் செய்யும். ஆனால் அந்த நொடியில் எந்த ஃபார்ம் முன்னால் இருக்கிறதோ அதன் ரெக்கார்டைத்தான் அது சேவ் செய்யும். ‘மீ’ என்று எழுதினால் எந்த ஃபார்ம் என்ற சந்தேகமே இல்லை.

இன்னொன்று. கட்டாயக் கட்டம் ஏதாவது காலியாக இருந்தால், அல்லது சேவுக்குச் சற்று முன் நடக்கும் பிஃபோர் அப்டேட் நிகழ்வில் நீங்கள் வைத்த சோதனை தடுத்தால், சேவ் நடக்காமல் எரர் வரும். சோதனை தடுத்த இடத்தில் 2101 என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். அந்த எரர் வரட்டும், வந்தால்தான் நல்லது. அதை அடக்குவதற்காக ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போட்டீர்களானால், சேவ் தோற்றதும் கோடு சத்தமில்லாமல் அடுத்த வரிக்கு நகர்ந்து பழைய பில்லை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடும்.

புதிதாக ஒரு பில் போட்டு உடனே பிரிண்ட் கொடுத்தால் வெற்றுத் தாள் வருகிறதே?

அதே கதைதான். புது ரெக்கார்டு டேபிளில் இன்னும் இல்லவே இல்லை. ரிப்போர்ட்டுக்குக் காட்ட எதுவும் கிடைக்கவில்லை. சேவ் வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். கூடவே ரிப்போர்ட்டின் ‘நோ டேட்டா’ நிகழ்வில் கேன்சலை ட்ரூ ஆக்கிவிடுங்கள். வெற்றுத் தாள் வீணாகாது. அப்போது ரிப்போர்ட்டைத் திறந்த பட்டனுக்கு 2501 என்ற எரர் திரும்பும். திறக்கும் வேலை ரத்தாகிவிட்டது என்பதைத் தவிர அதில் வேறு விஷயம் இல்லை. அந்த எண்ணை மட்டும் கண்டுகொள்ளாமல் விடலாம்.

ஒரு பில்லைக் கேட்டால் டேபிளில் உள்ள எல்லா பில்லும் அச்சாகிறது.

ரிப்போர்ட்டைத் திறக்கும்போது எந்த ரெக்கார்டு என்று சொல்லவில்லை. ‘ஓப்பன்ரிப்போர்ட்’ கட்டளையில் ‘வேர் கண்டிஷன்’ என்ற இடத்தில் பில் எண்ணைக் கொடுங்கள். அந்தக் கட்டளையில் வியூ எதையும் குறிப்பிடாவிட்டால் நேராகப் பிரிண்டருக்கே போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். பரிசோதிக்கும்போது பிரிவ்யூவைக் குறிப்பிட்டுத் திறங்கள், இல்லையென்றால் ஒரு ரீம் பேப்பர் போய்விடும். ஃபார்மில் கன்ட்ரோல் பி அழுத்தினாலும் ஃபார்மில் உள்ள எல்லா ரெக்கார்டும்தான் கிளம்பும்.

பிரிவ்யூ திறந்திருக்கிறது. பின்னால் உள்ள ஃபார்மில் திருத்தி சேவும் செய்துவிட்டேன். பிரிவ்யூ மாறவில்லையே?

மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூடிவிட்டுத் திரும்பத் திறங்கள். இதே இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 118ஆம் பில்லின் பிரிவ்யூவை மூடாமல் விட்டுவிட்டு, ஃபார்மில் 119க்குப் போய்ப் பட்டனை அழுத்தினால், ஏற்கெனவே திறந்திருக்கும் ரிப்போர்ட் முன்னால் வந்து நிற்கும். புது வடிகட்டல் அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. வாடிக்கையாளர் 119க்கு நிற்பார், 118 அவர் கைக்குப் போகும். பட்டனின் கோடில், ரிப்போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்து முதலில் மூடிவிட்டுப் பிறகு திறப்பதே பாதுகாப்பு.

பில் அச்சானதும் ‘அச்சிட்டாயிற்று’ என்ற கட்டத்தில் டிக் விழ வேண்டும். ரிப்போர்ட்டின் பிரிண்ட் நிகழ்வில் எழுதினால் போதும்தானே?

பெயரைப் பார்த்தால் அதற்கென்றே செய்து வைத்தது போலத்தான் தெரியும். ஆனால் எழுத வேண்டாம். காரணங்கள் ஒன்றிரண்டு அல்ல.

முதலில், அந்த நிகழ்வுக்குப் பிரிண்டருக்குப் போகிறதா, திரையில் பிரிவ்யூ காட்டுகிறதா என்ற வேறுபாடு கிடையாது. பிரிவ்யூவில் ஒரு பக்கம் திரைக்கு வந்தாலே அது நடந்துவிடும். சும்மா பார்த்துவிட்டு மூடிய பில்லுக்கெல்லாம் டிக் விழும். அதோடு பிரிவ்யூவில் நீங்கள் பார்த்த பக்கத்துக்குத்தான் அது நடக்கும். 12 பக்கத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தால் முதல் பக்கத்து பில்களுக்கு மட்டும் டிக் விழும். முன்னும் பின்னும் புரட்டினால் அதே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப நடக்கும். பிரிவ்யூவில் இருந்து பிரிண்ட் கொடுத்தால் இன்னொரு முறை.

அதற்கு முந்திய ‘ஃபார்மட்’ நிகழ்வு இதைவிட மோசம். ஒரு பில் பக்கத்தில் அடங்குமா என்று ஆக்ஸஸ் வைத்துப் பார்க்கும். அடங்காவிட்டால் பின்வாங்கி அடுத்த பக்கத்தில் மறுபடி வைக்கும். இரண்டு தடவையும் நிகழ்வு நடக்கும். கீழே ‘பக்கம் 3 / 12’ என்று மொத்தப் பக்கத்தைப் போட்டிருந்தால், மொத்தத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே ரிப்போர்ட் முழுவதையும் ஒரு தரம் ஓட்டிவிட்டு வரும். ஃபார்மட் நிகழ்வில் இருப்பைக் கழிக்கும் கோடை எழுதியவர்களுக்குச் சரக்கு இரட்டிப்பாகக் கழிவது இதனால்தான். ‘ஃபார்மட் கவுண்ட்’, ‘பிரிண்ட் கவுண்ட்’ என்று எண்ணிக்கை காட்டும் பிராப்பர்ட்டிகள் உண்டு. ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம், அவ்வளவே.

கடைசியாக, 2007இல் வந்த ‘ரிப்போர்ட் வியூ’வில் இந்த இரண்டு நிகழ்வுகளும் நடப்பதே இல்லை. அதில் திறந்தால் இவற்றில் எழுதிய கோடு ஓடாது.

ரிப்போர்ட்டை மூடும் ‘க்ளோஸ்’ நிகழ்வில் எழுதுவோரும் உண்டு. பார்த்துவிட்டு மூடினாலும் அது நடக்கும். மொத்தத்தில் ரிப்போர்ட்டைப் படிக்க மட்டும் விடுங்கள். டேபிளில் எழுதும் வேலை, ரிப்போர்ட்டைத் திறந்த பட்டனிடம் இருக்கட்டும்.

அப்படியானால் பட்டனில், அச்சிட்ட பிறகு ‘அச்சாகாதவை எல்லாம் அச்சானவை’ என்று ஒரு அப்டேட் குவெரி (பல ரெக்கார்டுகளை ஒரே அடியில் மாற்றும் கட்டளை) போட்டால்?

ஒரே ஆள், ஒரே கணினி என்றால் தப்பித்துவிடலாம். நெட்வொர்க்கில் இரண்டு பேர் வேலை செய்தாலே இது மாட்டிவிடும்.

எப்படி என்று பார்ப்போம். கணக்குப் பிரிவில் ஒருவர், அச்சாகாத பில்களை அச்சிடச் சொல்லி பட்டனை அழுத்துகிறார். அந்த நேரத்தில் டேபிளில் அச்சாகாதவை 40. ரிப்போர்ட் அந்த 40ஐயும் படித்துப் பிரிண்டருக்கு அனுப்புகிறது. தாள் வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கவுண்டரில் இருப்பவர் இன்னொரு பில்லைப் போட்டு சேவ் செய்துவிடுகிறார். இப்போது அச்சாகாதவை 41. உங்கள் அப்டேட் குவெரி ஓடுகிறது; ‘அச்சிட்டாயிற்று = இல்லை’ என்று இருக்கும் எல்லாவற்றையும் ‘ஆம்’ ஆக்குகிறது. 41ஆவது பில் தாளைப் பார்க்கவே இல்லை, ஆனால் அச்சானதாக டேபிள் சொல்கிறது. மறுநாள் பட்டியலிலும் வராது. மாதக் கடைசியில் வாடிக்கையாளர் ‘எனக்கு பில்லே வரவில்லையே’ என்று கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

தப்பு எங்கே என்றால், ரிப்போர்ட் ஒருமுறையும் குவெரி ஒருமுறையும் ‘எவை அச்சாகாதவை’ என்று தனித்தனியாகக் கேட்கின்றன. இரண்டு கேள்விக்கும் நடுவில் உலகம் நகர்ந்துவிடுகிறது. ஒரே முறை கேட்டு, கிடைத்த பதிலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஆம், இல்லை கட்டத்தை விட்டுவிடுங்கள். ‘தொகுப்பு’ என்று ஒரு சின்ன டேபிள்: தொகுப்பு எண், நேரம், யார் அச்சிட்டது. பில் டேபிளில் ‘தொகுப்பு எண்’ என்று ஒரு எண் புலம்; டிஃபால்ட் வேல்யூவில் 0 இருந்தால் அழித்துவிடுங்கள், அச்சாகாத பில்லில் அது நல் (மதிப்பே இல்லாத வெற்று நிலை) ஆகவே இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் வரிசை இப்படிப் போகும். தொகுப்பு டேபிளில் புது வரி ஒன்றைச் சேர்த்து எண்ணை வாங்குங்கள். 57 என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பு எண் நல் ஆக உள்ள பில்களில் எல்லாம் 57 என்று எழுதுங்கள். பிறகு ‘தொகுப்பு எண் = 57’ என்ற நிபந்தனையோடு ரிப்போர்ட்டைத் திறங்கள். 41ஆவது பில் எப்போது வந்தாலும் கவலை இல்லை; அதில் 57 இல்லை, அடுத்த தொகுப்பில் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் ஒருவர் எடுத்தது போக மீதிதான் மற்றவருக்குக் கிடைக்கும்.

அச்சிடுவதற்கு முன்பே எழுதுகிறோமே, தாள் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 57ஐத் திரும்ப அச்சிடுங்கள், அவ்வளவுதான். சிலர் தொகுப்பு எண்ணை மறுபடி நல் ஆக்கிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை; எப்போது, யார், எதை அச்சிட முயன்றார்கள் என்ற தடயம் அதோடு போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து ‘அன்றைக்கு அச்சிட்டதை அப்படியே கொடு’ என்று கேட்டாலும் 57 போதும். ஆம், இல்லை கட்டத்தால் இதைச் செய்யவே முடியாது.

அச்சு ஒழுங்காக வந்ததா என்று ஆக்ஸஸே தெரிந்துகொள்ளாதா?

தெரிந்துகொள்ளாது. ஆக்ஸஸ் பக்கங்களை, அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் விண்டோஸின் ஸ்பூலரிடம் ஒப்படைக்கிறது; தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டதோடு அதன் பொறுப்பு முடிந்தது. டோனர் தீர்ந்தது, பேப்பர் சிக்கியது, யாரோ பிரிண்டரை அணைத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் கோடுக்குத் திரும்பி வராது. ‘ஓப்பன்ரிப்போர்ட்’ எரர் இல்லாமல் முடிந்தது என்றால் ஸ்பூலருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேட்டுவிடுவதுதான் வழி: ‘57ஆம் தொகுப்பு, 40 பில், எல்லாம் சரியாக வந்ததா?’ ஆம் என்றால் தொகுப்பு டேபிளில் உறுதி செய்த நேரத்தை எழுதுங்கள். இல்லை என்றால் எந்த பில்லில் இருந்து மறுபடி வேண்டும் என்று கேளுங்கள். எண்ணிக்கையைக் கேள்வியிலேயே காட்டுவது முக்கியம். வெறும் ‘சரியா?’ என்று கேட்டால் பார்க்காமலே என்டரை அழுத்துவார்கள்.

தொகுப்பு எண்ணை எழுதும் குவெரிக்கு ‘ரன்எஸ்கியூஎல்’ நல்லதா, ‘எக்ஸிக்யூட்’ நல்லதா?

எக்ஸிக்யூட், அதோடு ‘டிபிஃபெயில்ஆன்எரர்’ சேர்த்து. ரன்எஸ்கியூஎல் ஒவ்வொரு தடவையும் ‘இத்தனை வரி மாறப்போகிறது’ என்று கேட்கும். அந்தத் தொல்லைக்காக ‘செட்வார்னிங்ஸ் ஃபால்ஸ்’ போடுவார்கள். அப்போது வேறொருவர் திருத்திக்கொண்டிருப்பதால் பூட்டில் மாட்டி 40இல் 3 வரி அப்டேட் ஆகாமல் போனாலும் வாயைத் திறக்காது. நடுவில் எரர் வந்து கோடு நின்றுவிட்டால் எச்சரிக்கைகள் அணைந்தபடியே இருந்துவிடும் என்பது வேறு. எக்ஸிக்யூட் அப்படி இல்லை. தவறினால் எரர் கொடுக்கும், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும். எத்தனை வரி மாறியது என்று ‘ரெக்கார்ட்ஸ்அஃபெக்டட்’ சொல்லும். ஆனால் ‘கரன்ட்டிபி’யை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிய ஆப்ஜெக்ட் ஒன்று கிடைக்கும். ஒரு வேரியபிளில் பிடித்து வைத்துக்கொண்டு அதிலேயே எக்ஸிக்யூட் செய்து அதிலேயே எண்ணிக்கையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் 0 என்றே வரும்.

‘ரைட் கான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு பெட்டி வருகிறது. வேறு யாரும் வேலை செய்யவில்லை. இன்னொருவர் மாற்றிவிட்டார் என்கிறதே?

அந்த இன்னொருவர் நீங்களேதான். ஃபார்மில் பென்சில் தெரியும் நிலையில், அதே ரெக்கார்டை உங்கள் பட்டனின் குவெரி டேபிளில் நேராக மாற்றிவிட்டது. ஃபார்ம் தன்னிடம் உள்ளதை சேவ் செய்யப் போகும்போது, தான் படித்தபோது இருந்த ரெக்கார்டு இப்போது அப்படி இல்லை என்று பார்க்கிறது. ஆக்ஸஸுக்கு அதைச் செய்தது யார் என்ற கவலை இல்லை.

முதலில் சேவ், அப்புறம் குவெரி, அதன் பின் ‘மீ.ரிஃப்ரெஷ்’. இந்த வரிசை மாறாமல் இருந்தால் பெட்டி வராது. ரிஃப்ரெஷுக்குப் பதில் ‘ரீகுவெரி’ போட்டாலும் புது மதிப்பு தெரியும், ஆனால் ஃபார்ம் முதல் ரெக்கார்டுக்குத் தாவிவிடும். பில் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அது எரிச்சல். இன்னொரு வழி, ஃபார்மில் திறந்திருக்கும் அந்த ஒரே ரெக்கார்டுதான் என்றால் குவெரியே வேண்டாம். புலத்தை ஃபார்ம் வழியாகவே மாற்றி சேவ் செய்துவிடலாம்.

ஒருவர் பிரிவ்யூவைத் திறந்தால் மற்றவர்களால் பில் போட முடியவில்லை.

ரிப்போர்ட்டின் ‘ரெக்கார்ட் லாக்ஸ்’ பிராப்பர்ட்டியைப் பாருங்கள். ‘ஆல் ரெக்கார்ட்ஸ்’ என்று இருக்கும். அச்சிடும்போது யாரும் மாற்றக்கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்திருப்பார்கள். பிரிவ்யூ திறந்திருக்கும்வரை அடியில் உள்ள டேபிள் முழுதும் பூட்டிக் கிடக்கும். அவர் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் கவுண்டர் முடங்கிவிடும். ‘நோ லாக்ஸ்’ ஆக்குங்கள். தொகுப்பு எண் இருந்தால் அந்தப் பூட்டுக்கே தேவை இல்லை.

போன வருட பில்லை மறுபடி அச்சிட்டால் இந்த வருட விலை வருகிறது!

ரிப்போர்ட்டின் குவெரி, விலையைப் பொருள் டேபிளில் இருந்து எடுக்கிறது. அங்கே விலை மாறினால் பழைய பில்லும் மாறும். வாடிக்கையாளரிடம் ஒரு தாள், உங்களிடம் வேறு தாள்.

மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸோடு கொடுத்துவந்த ‘நார்த்விண்ட்’ மாதிரிக் கோப்பைத் திறந்து பாருங்கள். பொருள் டேபிளில் ஒரு விலை இருக்கும். ஆர்டர் விவர டேபிளிலும் தனியாக ஒரு விலை இருக்கும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்று படித்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் இவை ஒரே தகவல் அல்ல. ஒன்று இன்றைய விலை. மற்றது அன்று பேசி முடித்த விலை. சரக்கு எங்கே போயிற்று என்ற முகவரியும் அங்கே ஆர்டர் டேபிளிலேயே நகலாக இருக்கும். வாடிக்கையாளர் அடுத்த மாதம் வேறு ஊருக்குக் குடிபோனாலும் பழைய ஆர்டரில் பழைய முகவரிதான் நிற்கும். உங்கள் பில் வரியிலும் விலை, வரி சதவீதம், முகவரி மூன்றையும் பில் போடும் நேரத்தில் நகலெடுத்து வையுங்கள்.

அச்சிடும்போது பில் எண் கொடுக்கலாமா? போட்டுவிட்டு ரத்து செய்தால் எண் வீணாகிறதே.

வீணாவது, ஆக்ஸஸே தானாக எண் கொடுக்கும் ஆட்டோநம்பரால். புது ரெக்கார்டில் ஒரு எழுத்து அடித்தாலே அது எண்ணை எடுத்துவிடும். எஸ்கேப் அழுத்தி விட்டுவிட்டாலும் திரும்பக் கொடுக்காது. இந்தியாவில் ஜிஎஸ்டி விதி 46, வரி பில்லுக்குத் தொடர் வரிசை எண் கேட்கிறது. 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் திரும்ப வரக்கூடாது. அதனால் ஆட்டோநம்பரை உள்வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பில் எண்ணைத் தனிப் புலமாக வையுங்கள்.

அதற்காக அச்சில் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் எண்ணுக்கும் வந்துவிடும். பிரிவ்யூ பார்த்தாலே ஒரு எண் போகும். பிஃபோர் அப்டேட்டில், சேவ் ஆகும் அந்த நேரத்தில், இருப்பதில் பெரிய எண்ணோடு 1 கூட்டிக் கொடுங்கள். அந்தப் புலத்துக்கு இரட்டிப்பை அனுமதிக்காத இண்டெக்ஸ் போடுங்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் சேவ் செய்தால் ஒருவருக்கு 3022 என்ற எரர் வரும். அடுத்த எண்ணை எடுத்து மறுபடி முயல வேண்டும்.

சரக்கு பில்லுக்கு மூன்று பிரதி வேண்டும், ஒவ்வொன்றிலும் தலைப்பு வேறு. ரிப்போர்ட்டை மூன்று தடவை திறக்க வேண்டுமா?

வேண்டாம். வாங்குபவருக்கு அசல், லாரிக்காரருக்கு இரண்டாம் பிரதி, விற்பவருக்கு மூன்றாம் பிரதி என்பது ஜிஎஸ்டி விதி 48. மூன்று வரி உள்ள ஒரு டேபிளில் இந்தத் தலைப்புகளை வைத்து, ரிப்போர்ட்டின் குவெரியில் எதனோடும் இணைக்காமல் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பில்லும் மூன்று முறை வரும். ரிப்போர்ட்டில் பில் எண்ணுக்கும் பிரதிக்கும் சேர்த்துக் குழு அமைத்தால் கூட்டல் சரியாக இருக்கும். இதே குவெரியை மாத விற்பனைக் கூட்டலுக்கு எடுத்துவிடாதீர்கள், மூன்று மடங்கு காட்டும்.

அச்சான பில்லை யாரும் திருத்தாமல் தடுக்க முடியுமா?

ஃபார்மின் ‘கரன்ட்’ நிகழ்வில், தொகுப்பு எண் நல் ஆக இருந்தால் மட்டும் ‘அலவ்எடிட்ஸ்’ ட்ரூ என்று வைக்கலாம். ஆனால் அது அந்த ஃபார்மில் உள்ள தேடல் கட்டங்களையும் சேர்த்துப் பூட்டிவிடும், டேபிளை நேராகத் திறப்பவரைத் தடுக்கவும் செய்யாது. 2010இல் வந்த, டேபிளிலேயே வைக்கும் டேட்டா மேக்ரோ இதைவிட மேல். டேபிளின் ‘பிஃபோர் சேஞ்ச்’ மேக்ரோவில், தொகுப்பு எண் இருந்து தொகையோ விலையோ மாறினால் எரர் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த வழியாக வந்தாலும் நிற்கும்.

இந்தியாவில் பதிவான கம்பெனி என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும் வசதி இருக்க வேண்டும். அதை அணைத்து வைக்கவும் கூடாது. நீங்களே கட்டிய ஆக்ஸஸ் கோப்பில் கணக்கு எழுதினால், ஆடிட்டரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

வாடிக்கையாளருக்கு பிடிஎஃப் அனுப்புகிறோம். அதற்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, ஆனால் சுலபம். கோப்பு உருவானதா என்று கோடே பார்த்துக்கொள்ளலாம். ஆளைக் கேட்க வேண்டியதில்லை. ‘அவுட்புட்டூ’ கட்டளைக்கு வேர் கண்டிஷன் கிடையாது. அதனால் ரிப்போர்ட்டை முதலில் வடிகட்டலோடு மறைத்துத் திறந்து, பிறகு அவுட்புட்டூ கொடுத்து, மூடிவிடுங்கள். அனுப்பிய கோப்பை அழிக்காமல் பில் எண்ணின் பெயரில் வைத்துக்கொண்டால், மறுஅச்சுக்கு ரிப்போர்ட்டை ஓட்டவே வேண்டாம்.

டேபிள்களை எஸ்கியூஎல் சர்வருக்கு (மைக்ரோசாஃப்டின் பெரிய டேட்டாபேஸ்) மாற்றிவிட்டோம். இப்போது ரைட் கான்ஃப்ளிக்ட் முன்பைவிட அதிகம்.

ஆம், இல்லை புலங்கள் அங்கே 0 அல்லது 1 வைக்கும் ‘பிட்’ ஆக மாறியிருக்கும். அதில் நல் இருந்தால் ஆக்ஸஸ் அதை 0 என்று புரிந்துகொண்டு, சர்வரில் உள்ளதோடு ஒப்பிட்டு, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்யும். நல் எல்லாவற்றையும் 0 ஆக்கி, டிஃபால்ட்டையும் 0 ஆக்குங்கள். டேபிளில், ரெக்கார்டு மாறும்போதெல்லாம் தானே மாறும் ‘ரோவெர்ஷன்’ புலம் ஒன்று சேர்த்துவிட்டு இணைப்பைப் புதுப்பியுங்கள். அப்போது ஆக்ஸஸ் ஒவ்வொரு புலமாக ஒப்பிடாமல் அந்த ஒன்றை மட்டும் பார்க்கும்.

தொகுப்பு முறை சர்வரிலும் அப்படியே நடக்கும். 57ஐ எழுதும் அப்டேட் கட்டளையே, தான் தொட்ட வரிகளைத் திருப்பித் தரும் வசதியும் அங்கே இருக்கிறது: எஸ்கியூஎல் சர்வரில் ‘அவுட்புட்’, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ‘ரிட்டர்னிங்’. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு ‘அச்சு சரியாக வந்ததா?’ என்று பெட்டி காட்ட வேண்டாம். பதில் வரும்வரை அந்த 40 பில்லும் பூட்டில் இருக்கும்; பெட்டியைப் பார்க்க வேண்டியவர் பிரிண்டர் பக்கத்தில் பேப்பர் போட்டுக்கொண்டிருப்பார். 57ஐ எழுதியதும் கமிட் செய்து மாற்றத்தை உறுதியாக்கிவிட்டுப் பிறகு அச்சிடுங்கள்.